செவாலியேவுக்கு ஒரு குதிரை

ஆடி மாதத்து வியாழக்கிழமை, காலை 5.40. காந்திபுரத்தில் சத்தியமங்கலம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்து, "எங்கீங்க?" என்றார்.

"சத்திக்கு ரெண்டு. அங்கிருந்து அந்தியூர் போறமுங்க, குதிரை வாங்க" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார் என் கணவர் நாச்சிமுத்து.

கண்டக்டர் அவரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "வரும்போது தயவுபண்ணி வேற வண்டியில வாங்க. குதிரைக்கு லக்கேஜ் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லி, தலைக்கு நாற்பத்தெட்டு ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

எங்கள் வீடு கணபதியில், இதே சத்தி ரோட்டில்தான் இருக்கிறது. வாசலில் நின்று கை காட்டினால் பேருந்து நிற்கும். ஆனால் ஜன்னல் ஓரம் வேண்டும் என்பதற்காக, எதிர்த் திசையில் ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்துக் காந்திபுரம் வந்து, அங்கிருந்து மறுபடி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனோம். அவர் ஒன்றை நினைத்துவிட்டால் அப்படித்தான். முப்பத்து மூன்று வருடமாகப் பார்க்கிறேன், பழகவில்லை.

இந்தப் பயணம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அறுபத்திரண்டு வயது. கணபதியில் இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின் வைத்து, பம்பு செட்டுக்குச் சாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு கடைந்து கொடுக்கும் பட்டறை நடத்துகிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தாறு வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து, இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். கோயமுத்தூரில் பிரெஞ்சு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: மார்க் வாங்குவதற்கு.

போன மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு சங்கம், பெயரை நான் சொல்ல விரும்பவில்லை, தொழில் துறைச் சேவைக்காக அவருக்கு 'செவாலியே' பட்டம் வழங்கப்போவதாகவும், மண்டபத்தில் மேடையில் படிப்பதற்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தது. முதல் பாகம் பட்டத்தின் பொருளும் வரலாறும். இரண்டாம் பாகம் பெறுபவரின் சிறப்பு.

"ஏனுங்க, இது பிரெஞ்சு அரசாங்கம் குடுக்கறதுங்க. இவங்க குடுக்கறதும் நான் பாஸ்போர்ட் அடிச்சுக் குடுக்கறதும் ஒண்ணு" என்றேன்.

"யார் குடுக்கறாங்கன்னு நான் கேக்கல அம்மணி. அர்த்தம் என்னன்னு கேட்டேன்" என்றார்.

எங்கள் வட்டாரத்தில் யாருக்கு விழா என்றாலும் வாழ்த்து மடல் எழுதுவது நான்தான். ஓய்வு பெறும் வாத்தியார், அறுபதாம் கல்யாணம், மில்லில் இருந்து விடைபெறும் மேஸ்திரி, ஒருவரையும் விட்டதில்லை. ஆனால் இதற்கு எழுத மனம் வரவில்லை. போலிப் பட்டத்துக்கு என் தமிழ் எதற்கு? "மொதல் பாகம் எழுதித் தாரேன். உங்க சிறப்பை அந்தச் சங்கத்துக்காரங்களே எழுதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர் "செரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

எழுதுவது என்று உட்கார்ந்தபின் பொய் எழுத எனக்கு வராது. ஷெவாலியே என்ற சொல்லுக்குள் இருப்பது ஷெவால், அதாவது குதிரை. குதிரைமேல் வந்து போரிடுகிறவன் ஷெவாலியே. இதுவரை எந்தப் புத்தகத்திலும் இருக்கும். அதற்கு அடியில் இன்னொரு சங்கதி உண்டு. பழைய லத்தீனில் பெரிய மனிதர்கள் ஏறும் குதிரைக்கு எக்குஸ் என்று பெயர். மூட்டை சுமக்கிற, வண்டி இழுக்கிற சாதாரணக் குதிரையைச் சனங்கள் கபல்லுஸ் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களின் ஷெவால், அந்தச் சந்தைப் பெயரிலிருந்து வந்தது. ஆக, அரண்மனைப் பட்டத்தின் வேரில் நிற்பது ஒரு மூட்டைக் குதிரை.

முதலில் அந்தப் பெயர் பிறப்பால் வந்ததும் இல்லை. சொந்தக் குதிரையும் ஆயுதமும் கொண்டு வந்து நிற்கிறவன் எவனோ அவனுக்கு அந்தப் பெயர். சில தலைமுறை போனபிறகு, அப்பன் ஷெவாலியேவாக இருந்தால்தான் மகனும் ஆகலாம் என்று கதவைச் சாத்தினார்கள். பிரபுக்களின் வரிசையில் டியூக், மார்க்கி, கோம்த், பாரோன் என்று இறங்கிக்கொண்டே வந்தால், கிட்டத்தட்டக் கடைசிப் படியில் ஷெவாலியே இருப்பான். அரசர்கள் போனபின் அரசாங்க விருதின் முதல் படிக்கு அதே பெயரை வைத்தார்கள். நம் ஊரில் அது சினிமா நடிகர்களால் 'செவாலியே' ஆனது.

இதை எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாஃப்ட் வரைபடத்தைப் படிக்கிற மாதிரி விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு, "அப்படின்னா குதிரை வேணும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் காலி செய்து, லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள் ஒன்றுகூட மண்ணில் கிடக்கக்கூடாது என்று, பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தார். குதிரைக் காலில் குத்துமாம். அதற்குமேல் நான் என்ன சொல்ல? அந்தியூர்ச் சந்தை எப்போது என்று விசாரித்துச் சொன்னேன்.

காலை 6.35, அன்னூர். எங்கள் முன் இருக்கையில் வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். புளியம்பட்டிக்குப் போகிறாராம். என் கணவர் குதிரைக் கதையை அவரிடமும் ஆரம்பித்தார். பட்டம், அர்த்தம், லத்தீன் வரைக்கும் போய்விட்டார். என்னைவிட நன்றாகவே சொன்னார் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் ராவுத்தருங்க. எங்க பேருக்கும் குதிரைக்காரன்னுதான் அர்த்தம். அந்தக் காலத்துல குதிரைப் படை, குதிரை வியாபாரம் எல்லாம் எங்காளுங்கதான்" என்றார்.

"இப்ப வெச்சிருக்கீங்களா?"

"மொபெட்டு வெச்சிருக்கறேன். அதும் ரிப்பேரு. அதனாலதான் பஸ்ஸுல வாரேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "பாருங்க, இவுங்க குதிரை இல்லாமயே ராவுத்தரா இருக்காங்கல்ல?" என்று பிடித்துக்கொண்டேன்.

நாச்சிமுத்து அசையவில்லை. "அவுருக்குப் பேரு பொறப்புல வந்தது. நான் கேட்டு வாங்கறவன். கேட்டு வாங்கறவன் வெச்சிருக்கோணும்" என்றார்.

ராவுத்தர் திரும்பி என்னைப் பார்த்து, "ஞாயம்தானுங்க அம்மா" என்று கட்சி மாறிவிட்டார். புளியம்பட்டியில் இறங்கும்போது, குதிரை வாங்கினால் கொள்ளுப்பயறைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள், சும்மா கொடுத்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்.

காலை 7.50, சத்தியமங்கலம். காந்திபுரத்திலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். நிலையத்துக்கு எதிர்க்கடையில் ஆளுக்கு மூன்று இட்லி, ஒரு வடை, ஒரு காப்பி. இங்கிருந்து அந்தியூருக்கு டி.என்.பாளையம், அத்தாணி வழியாக நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வண்டி எட்டேகாலுக்குக் கிளம்பியது. டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய்.

இந்தப் பாதையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இடதுபக்கம் மலை கூடவே வரும். வலதுபக்கம் பவானியாற்றுப் பாய்ச்சலில் வாழையும் கரும்பும் மஞ்சளும் நெல்லும் மாறி மாறி வரும். ஆடிக்காற்று ஜன்னல் வழியாக அடித்த அடியில் என் தலை கலைந்து, கையில் இருந்த செய்தித்தாள் பின்சீட்டுக்காரர் மடிக்குப் போய்விட்டது. எங்கள் ரோட்டில் இந்நேரம் லாரிப் புகைதான் அடித்துக்கொண்டிருக்கும்.

அத்தாணி தாண்டியதும் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "உங்களுக்கு முழங்கால் வலி. டாக்டர் மாடிப்படியே ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்கறாரு."

"குதிரையில படி கிடையாது அம்மணி."

"மேடையில சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எங்கிட்ட குதிரை இருந்தா எனக்கு வெக்கமில்ல. இல்லாம நின்னாத்தான் வெக்கம்."

காலை 10.10, புதுப்பாளையம். அந்தியூர் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துக் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வந்தோம். சந்தை என்றால் வாரச்சந்தை அளவில் நினைத்துவிடவேண்டாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கால்நடைதான். சிவப்புத் தோலில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடுகள், திமில் உயர்ந்த காங்கேயம் காளைகள், செம்மறி ஆடுகள். அவற்றைத் தாண்டிப் போனால் குதிரைகள். காதுநுனி இரண்டும் ஒன்றையொன்று தொடும் வடநாட்டுக் குதிரைகளுக்குப் பந்தல் போட்டு, கீழே மணல் விரித்து, மின்விசிறி வைத்திருந்தார்கள். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடிய வெள்ளைக் குதிரையைச் சுற்றி நூறு செல்போன்கள் உயர்ந்து நின்றன. விலை கேட்டோம். "நாலரை லட்சமுங்க, பேசிக்கலாம்" என்றார் சொந்தக்காரர். என்ன பேசினாலும் அது எங்களுக்கு ஆகாது.

அடுத்த பந்தலில் ஒரு பழுப்புக் குதிரை. தரகர் ஒருவர் வந்து, பேச்சு இல்லாமல் என் கணவர் கைமேல் துண்டைப் போட்டார். இந்த ஊர்ச் சந்தைகளில் விலை வாயால் பேசப்படுவதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. இவருடைய வலது ஆள்காட்டி விரலின் நுனி இருபது வருடத்துக்கு முன்பே லேத்தில் போய்விட்டது. தரகர் துண்டுக்குள் தடவிப் பார்த்தார், முகம் மாறியது, மறுபடி தடவினார். "இதென்னங்க, எங்க கணக்குல இல்லாத வெரலா இருக்குது" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டு வாயாலேயே பேசினோம். அதுவும் எங்களுக்கு எட்டாத விலைதான்.

காலை 11.30. பந்தல்களெல்லாம் முடிந்த இடத்தில், ஒரு புளியமரத்தடியில், நடுவயதுப் பெண் ஒருவர் குந்தி உட்கார்ந்து ஒரு மட்டக்குதிரையின் குளம்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். குதிரை என் தோள் உயரம்தான் இருக்கும். சாம்பல் நிறம், பிடரி மயிர் தாறுமாறாக இருந்தது. முதுகின் இரண்டு பக்கமும் கயிறு தேய்ந்து தேய்ந்து மயிர் கொட்டிய தடம் தெரிந்தது. இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதிய கபல்லுஸ், நேரில் நின்று என்னைப் பார்த்துக் காதை ஆட்டியது.

அந்தப் பெண்ணின் பெயர் மாராத்தாள். மலைமேல் ரோடு போகாத ஊர்களுக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் ஏற்றிப் போகிறவர். மூன்று குதிரைகளில் ஒன்றை மட்டும் விற்க வந்திருந்தார்.

"முதுகுல ஒரு கெட்ட சுழி இருக்குதுங்க. மொதல்லயே சொல்லிப்போடறன். கல்யாண ஊர்கோலத்துக்கெல்லாம் இதை ஏத்துக்க மாட்டாங்க" என்றார்.

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க" என்றார் நாச்சிமுத்து.

சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தார். கால், கழுத்து, முதுகு எல்லாம் அளந்தார். பிறகு குதிரையைப் பத்தடி நடத்தச் சொல்லி, தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். சாஃப்ட் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். "பின்னங்கால் எடது பக்கம் ஒரு நூல் தூக்கி வெக்குதுங்க" என்றார். ஒரு நூல் என்பது பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மாராத்தாள் நம்பாமல் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பின் அடிக்குழிக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் மாட்டியிருந்தது.

"காலையில இருந்து பாத்துட்டிருக்கறன், எனக்கே தெரியலீங்களே" என்று மாராத்தாள் எழுந்து நின்று சொன்னார். "செரி, ஏறுங்க. ஏறத் தெரியாதவங்களுக்கு நான் குடுக்கறதில்ல."

முதல் தடவை, கால் பாதி தூரம்கூடப் போகவில்லை. இரண்டாவது தடவை, குதிரையின்மேல் குறுக்கே மூட்டை மாதிரி விழுந்து கிடந்துவிட்டு இறங்கினார். கூட்டம் சேர ஆரம்பித்தது. "ஏனுங்க, போதும் வாங்க" என்று கையைப் பிடித்தேன். வலியில் அவர் மேலுதடு வேர்த்திருந்தது. கையை மெல்ல எடுத்துவிட்டு, கரும்புச்சாறுக் கடையில் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இரவல் வாங்கி வந்தார். அதை மரத்தின் வேரோடு ஒட்டி ஆடாமல் வைத்து, கையால் அழுத்திப் பார்த்து, ஏறி நின்று, வலிக்கிற காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். உட்கார்ந்துவிட்டார். யாரோ விசில் அடித்தார்கள்.

"பிரேக் எங்கீங்க?" என்றார் மாராத்தாளிடம்.

குதிரை நகரவே இல்லை. தட்டினார், நாக்கைச் சொடுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. "அது அப்படி நடக்காதுங்க" என்றார் மாராத்தாள். "மூட்டைக் குதிரை. முன்னால ஒராளு நடந்தாத்தான் பின்னால வரும். அம்மா, நீங்க கயித்தைப் புடிச்சுட்டு நடங்க."

நான் மறுத்திருக்கலாம். சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றை வாங்கி நடந்தேன். குதிரை பின்னால் வந்தது. புளியமரத்திலிருந்து மாட்டுச் சந்தை வேலி வரை ஒரு இருநூறு அடி. என் முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தமும் அவர் மூச்சுச் சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்த்தால் குதிரை நின்றுவிடுகிறது. அதனால் நேரே பார்த்தபடியே நடந்தேன்.

வேலி பக்கம் போனபோது அவர் பேசினார். "அம்மணி, எனக்குத் தெரியாம இல்ல, அது டூப்ளிகேட் சங்கந்தான்."

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"கடிதாசியில ரெண்டு பாகம் எழுதச் சொல்லியிருந்தாங்கல்ல? நீ ஊருக்கெல்லாம் எழுதறே. போன வருசம் உங்க ஸ்கூல் வாட்ச்மேனுக்குக்கூட எழுதினே, நானும் பின்னால உக்காந்து கேட்டேன், அந்தாளு அழுதுட்டான். இந்தச் சாக்குல எனக்கும் ஒண்ணு எழுதுவீன்னு பாத்தேன். மைக்குல ஒருக்கா கேக்கலாம்னு. மொதல் பாகத்தோட நிறுத்திப்போட்டே."

என்னால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் குதிரை நிற்கும் என்பது மட்டும் காரணமல்ல. முகத்தைக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை. முப்பத்து மூன்று வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை, என் சம்பளத்தைக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரு பக்கம். அதில் பாதியைத்தான் கொடுத்தேன். பட்டறைக்காரருக்கு எதற்கு வாழ்த்து மடல் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இவருக்கு ஒன்று எழுதவேண்டும் என்றும் நினைக்கவே இல்லை, அதுதான் மோசம். வேலியோரம் வளைந்து, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மரத்தடிக்கு வந்ததும் மாராத்தாள் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்டூலில் கால் வைத்து அவர் இறங்கினார். "எனக்குப் புடிச்சிருக்குதுங்க" என்றார்.

"செரிங்க. ஊட்டுல இதுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் மாராத்தாள்.

பொய் சொல்லியிருந்தால் குதிரை கிடைத்திருக்கும். என் கணவருக்கு அது வராது. "வேலைன்னு ஒண்ணும் இல்லீங்க. ஒரு பட்டம் குடுக்கறாங்க. அதுக்குக் குதிரை இருக்கோணும். கொட்டகை கட்டி வெச்சு நல்லாப் பாத்துக்குவேன்."

மாராத்தாள் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அப்படின்னா வேண்டாமுங்க. நடந்து பழகுன சீவன். கட்டியே வெச்சா நாலு மாசத்துல காலு வீங்கிப்போகும், வயிறு கெட்டுப்போகும். சுழியைப் பாத்து ஆரும் வாங்காட்டி ஊட்டுக்கே ஓட்டிட்டுப் போறன். சும்மா நிக்கறதுக்கு இதைக் குடுக்க மாட்டன். கோவிச்சுக்காதீங்க."

இவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது செரிதானுங்க. ஓடாத மிஷினு துருதான் புடிக்கும்" என்றார். கரும்புச்சாறுக் கடையில் ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்து, மூன்று கிளாஸ் சாறு வாங்கி வந்து, ஒன்றை மாராத்தாளுக்குக் கொடுத்தார். பிறகு போனை எடுத்து அங்கேயே நின்றபடி அந்தச் சங்கத்தைக் கூப்பிட்டார்.

"நாச்சிமுத்து பேசறனுங்க, கணபதி. அந்தப் பட்டம் எனக்கு வேண்டாமுங்க... இல்லீங்க, தேதியில ஒண்ணும் பிரச்சினை இல்ல... குதிரை கிடைக்கலீங்க... ஆமாங்க, குதிரைதான்." அந்தப் பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, உடனே வைத்துவிட்டார்.

மதியம் 2.45, அந்தியூர் நிலையம். சாப்பாடு ஆளுக்கு எண்பது ரூபாய், கம்பங்களியும் கீரையும் கூட வைத்தார்கள். அவர் முழங்காலுக்குத் தைலம் வாங்கிப் பையில் போட்டேன். கோயமுத்தூர் வரைக்கும் நேராகப் போகும் வண்டி ஒன்று மூன்று மணிக்கு இருந்தது. இந்தத் தடவை ஜன்னல் ஓரம் கேட்காமலே கிடைத்தது.

சந்தை முடிந்து திரும்புகிறவர்களால் வண்டி நிரம்பியிருந்தது. கழுத்து மணி, மூக்கணாங்கயிறு, சாட்டை என்று ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தார்கள். எங்களிடம்தான் ஒன்றும் இல்லை. அத்தாணி வரும்வரை மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு எழுதும்போது ஓடிவருகிற 'பண்பாளர்', 'பாசத்தின் உறைவிடம்' எல்லாம் இவருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டவில்லை. நடந்ததைச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

"ஏனுங்க, ரெண்டாவது பாகம் சொல்றேன், கேளுங்க" என்று அவர் காதருகே ஆரம்பித்தேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தமாச் சொல்லு அம்மணி. இங்க மைக்கு இல்ல."

ஐம்பது பேர் இருக்கும் வண்டி. பாட்டு வேறு அலறிக்கொண்டிருந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டு, "தம்பி, அஞ்சு நிமிசம் பாட்டை நிறுத்துங்க. இவருக்கு ஒரு வாழ்த்து மடல் படிக்கோணும்" என்றேன். அவர் என் வயதைப் பார்த்தாரோ, குரலைப் பார்த்தாரோ, நிறுத்தச் சொன்னார். இருக்கையைவிட்டு எழுந்து, மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற என் வகுப்பறைக் குரலில் சொன்னேன்.

"பெரியோர்களே. இவர் பெயர் நாச்சிமுத்து. கணபதியில் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமாகி மூன்றாம் வருடம், பிரெஞ்சுப் பரீட்சை எழுதப் பாண்டிச்சேரிக்குப் போகவேண்டும் என்றேன். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு மாதம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பரீட்சையா என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு என்கூட வந்தார். மூன்று நாள், பரீட்சை நடந்த கட்டடத்துக்கு வெளியே, நடைபாதையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இவருக்குத் தாலாட்டு தெரியாது. அதனால் 'கால், அரை, முக்கால், ஒண்ணு, ஒண்ணே கால்' என்று பட்டறை அளவை ராகம் போட்டுப் பாடினார். ஜன்னல் வழியாக அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்ட வரைக்கும் குழந்தை பத்திரமாக இருக்கிறாள் என்று தெரியும், நான் எழுதினேன். அந்தப் பரீட்சையால்தான் எனக்கு வேலை கிடைத்தது. இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற அன்றைக்கு மேடையில் தலைமையாசிரியருக்கு நன்றி சொன்னேன், பள்ளி வண்டி ஓட்டுநருக்கு நன்றி சொன்னேன். இவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இவர் பெயரைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் படித்தது இவரால்."

பின்சீட்டில் இருந்து கைதட்டல் ஆரம்பித்தது. சாட்டை வாங்கியவர் ஒருவர் அதைக் கம்பியில் தட்டினார். நான் சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நெடுநேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

"பாண்டிச்சேரிக்கு அப்புறம் டயர் சத்தத்துல செரியாக் கேக்கல" என்றார். "இன்னொருக்கா சொல்லு."

கண்டக்டரைப் பார்த்தேன். பாட்டைப் போடவேண்டாம் என்று டிரைவருக்கு அவரே சைகை காட்டினார். நான் மறுபடி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.